ஆயுத பூஜையன்று எடுத்த கோடு

கோயம்புத்தூரில் வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் மின்சாரம் சுத்தமாக வரும். அது ஆயுத பூஜை. அன்றைக்கு லேத்து ஓடாது. வெல்டிங் பொறி பறக்காது. மோட்டார் பட்டறைக்காரர்கள் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றி நான்கு தெருவுக்குப் பட்டறைகள்தான். நான் அளந்துகொண்டிருந்ததோ ஒரு வோல்ட்டைக் கோடி கூறு போட்டு அதில் ஒன்றிரண்டு கூறு. பக்கத்துத் தெருவில் ஒருவர் இரும்பு கேட்டுக்கு ஒட்டுப் போட்டால் போதும், வரைபடக் கருவியின் பேனா தாள் முழுக்கக் குதிக்கும். ஒரு நாள் உழைப்பு குப்பைக்குப் போகும். அந்தப் பட்டறைக்காரர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் நான்கு வருடமாக எல்லோரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் முனைவர் பட்டத்துக்காக உட்கார்ந்திருந்தேன். என் கையில் இருந்தது ஒரு கறுப்புப் படிகம். மைக்காத் தகடு போல மெல்லியது, சுண்டுவிரல் நகத்தில் கால்வாசிகூட இருக்காது. பிஸ்மத்தும் செம்பும் இன்னும் சிலவும் சேர்த்து உலையில் உருக்கி, வாரக்கணக்கில் ஆறவிட்டு, கட்டியை உடைத்துப் பொறுக்கியது. நன்றாகக் குளிர்ந்தால் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, அதுதான்.

அதைக் காந்தப்புலத்தில் வைத்தால் புலம் மொத்தமாக உள்ளே நுழையாது. மெல்லிய இழை இழையாகப் பிரிந்து நுழையும். ஒவ்வோர் இழையையும் சுற்றி மின்னோட்டம் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால் அவற்றுக்குச் சுழல்கள் என்று பெயர். குளிரில் அந்தச் சுழல்கள் வரிசை பிடித்து அசையாமல் நிற்கும். சூடு ஏற ஏற நின்ற இடத்திலேயே ஆடும். குறிப்பிட்ட ஒரு வெப்பத்தில் வரிசை மொத்தமும் கலைந்து, பனிக்கட்டி தண்ணீர் ஆவது போல் உருகிவிடும். படிகத்துக்கு ஒன்றும் ஆகாது. அது கல்லாகத்தான் கிடக்கும். உள்ளே நிற்கும் வரிசைதான் உருகுகிறது. உருகிய நொடியில் தடை திடீரென்று ஒரு படி ஏறும். அந்தப் படியைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆய்வு. வெளிநாட்டில் பிடித்துவிட்டார்கள். எங்கள் படிகத்தில், காந்திபுரத்தில் மோட்டாருக்குக் கம்பி கட்டும் கடைக்காரர் காந்தப்புலத்துக்காகச் சுற்றிக் கொடுத்த செம்புச் சுருளை வைத்துக்கொண்டு, நான் இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் பட்டம் இல்லை.

அப்பா கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூலி வேலை செய்தார். கன்று நடுவது, வட்டப்பாத்தி எடுப்பது, தண்ணீர் பாய்ச்சுவது. அந்த வருடம் வைகாசியில் கால் வீங்குகிறது என்று பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர், டாக்டரைப் பார்க்க நேரம் இருந்ததால் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். முதல் முறை வந்தது அன்றுதான். கடைசி முறையும் அதுதான். செருப்பை வெளியில் விட்டுவிட்டு உள்ளே வந்து, மூலையில் இருந்த அலுமினியக் கேனைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது.

"ஏங் கண்ணு, இது மாட்டு ஊசிக்காரரு கேனுதான?"

அதேதான். சினை ஊசிக்கான காளை விந்தைத் திரவ நைட்ரஜனில்தான் உறைய வைத்திருப்பார்கள். எங்களுக்கும் சினை ஊசி நிலையத்திலிருந்துதான் நைட்ரஜன் வரும். என் ஆய்வு வழிகாட்டி இதை விருந்தாளிகளிடம் சொல்லமாட்டார். அப்பா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டதில் எனக்குச் சிரிப்பு வந்தது.

என்ன செய்கிறாய் என்று கேட்டார். சுழல்கள் வரிசையாக நிற்பதைத் தாளில் புள்ளி வைத்துக் காட்டினேன். ஒரு வரிசை, அடுத்த வரிசையின் புள்ளிகள் இந்த வரிசையின் இடைவெளிக்கு நேராக, அதற்கடுத்தது மறுபடி முதல் வரிசை போல. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது முக்கோண நடவு. சதுரமா நட்டா மூலைல எடம் வீணாப் போகும். இப்படி நட்டா அதே பூமில இன்னும் கொஞ்சம் கன்னு நிக்கும்," என்றார்.

சுழல்கள் ஏன் சதுரமாக நிற்காமல் முக்கோணமாக நிற்கின்றன என்பதற்கு நான் என் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் கணக்கு எழுதி வைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. வரிசை கலைவது கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாது, பேனா ஒரே தாவாக மேலே ஏறும், அதுதான் அடையாளம் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீன்னா எங்கிட்டச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் இரண்டும் அநேகமாகப் போய்விட்டது என்று சொன்னார்கள்.

புரட்டாசிக்குள் அப்பா படுத்த படுக்கை ஆகிவிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிவார். முதல் இரண்டு மாதம் திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அப்புறம் அழுகை வருவது நின்றுபோனது. அழவேண்டியதையெல்லாம் அழுது முடித்துவிட்டேன், இனி நடப்பது நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்து, சின்னவளுக்கு மனசு கெட்டி என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். கெட்டி எல்லாம் இல்லை. மரத்துப் போயிருந்தது.

ஆயுத பூஜையன்று அளவெடுக்கலாம் என்பது என் யோசனைதான். வழிகாட்டி ஊருக்குப் போய்விட்டார். உன் இஷ்டம், ஆனால் பூஜையில் வைத்த நோட்டைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆய்வுக்கூட உதவியாளர் முந்தைய நாளே எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, செம்புச் சுருளுக்கு ஒரு முழம் செவ்வந்தி போட்டுவிட்டார். நான் சாவி கேட்டபோது அவருக்கு மனது ஒப்பவில்லை. வருடம் முழுக்க உழைக்கிற கருவிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். கருவிக்குக் களைப்புத் தெரியாது என்றேன். சாவியைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

காலை எட்டு மணிக்குப் படிகத்தை இறக்கினேன். கேனில் இருந்த நைட்ரஜன் மத்தியானம் தாண்டி இரண்டரை, மூன்று மணி வரை தாங்கும். மூடி வைத்தாலும் அது ஆவியாகிப் போய்க்கொண்டேதான் இருக்கும், சேர்த்து வைக்க முடியாது. குறிப்பேடு சரஸ்வதிக்கு முன்னால் இருந்ததால், நேரத்தையும் வெப்பத்தையும் வரைபடத் தாளின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டேன். வெளியே ஒரு சத்தம் இல்லை. பேனா வரைந்த கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல வந்தது. நான்கு வருடத்தில் அப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை.

பதினொன்றே முக்காலுக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கிணத்துக்கடவில் ஒரு கயிறு கம்பெனியில் வேலை. அவர் அதுவரை என் கல்லூரிப் பக்கமே வந்ததில்லை. கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்க ஐயனுக்கு ஒடம்புக்கு முடியல அம்மணி. நீ பொறப்பட்டு வந்துரு. நான் வெள்ளலூர் போயி உங்கக்காளுக்கும் சொல்லிப்போட்டு வாரேன்."

எங்கள் உறவில் எழவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். ஆள் நேரில் வருவார். உடம்புக்கு முடியவில்லை, புறப்பட்டு வா என்பார். வழியெல்லாம் கதறிக்கொண்டு வரவேண்டாமே என்ற இரக்கம்தான். சொல்ல வந்தவர் அந்த வீட்டில் உட்காரமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கேட்டவரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டால் அவர் சொல்லவேண்டி வரும். உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்றால் மளிகைக்கடை போனிலிருந்து கல்லூரி அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். அந்த வருடம் அப்படி இரண்டு முறை கூப்பிட்டிருந்தார்கள். ஆள் வந்தால் அது வேறு. சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

சரிங்க மாமா, நீங்க போங்க என்றேன். அவர் வேகமாகப் படி இறங்கிப் போனார். தண்ணீர் டம்ளர் என் கையிலேயே இருந்தது. அதை நானே குடித்துவிட்டு உள்ளே வந்தேன்.

அப்பா போய்விட்டார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உடுமலையிலிருந்து பங்காளிகள் வராமல் எடுக்கமாட்டார்கள், அப்படியானால் நாளைக் காலைதான். நான் இப்போது போனாலும் மூன்று மணி நேரம் கழித்துப் போனாலும் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. படிகம் குளிர்ந்து நிற்கிறது. நைட்ரஜன் இருக்கிறது. இப்படி ஒரு நாள் இனி அடுத்த வருடம்தான். இதையெல்லாம் பஸ் நேரம் பார்ப்பது போல வரிசையாக யோசித்தேன். இப்போது எழுதும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கு அதுகூட இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சூடேற்றும் குமிழை மெதுவாகத் திருப்பினேன்.

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குப் பேனா தாவியது. அதற்கு முன் வரை கோடு தாளின் அடியை ஒட்டியே, தடையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தாவியபின் மேலே நின்று, அங்கிருந்து சாய்ந்து ஏறத் தொடங்கியது. நடுவில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் உருகி, இன்னும் கொஞ்சம் உருகி என்றெல்லாம் இல்லை. நின்றுகொண்டிருந்தவை எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கைவிட்டுவிட்டன.

பாத்தீன்னா எங்கிட்டச் சொல்லு என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இனி யாரிடம் சொல்வது என்று நினைத்தேன். அந்த நினைப்பும் யாரோ எழுதியதைப் படிப்பது போலத்தான் இருந்தது. தாளின் ஓரத்தில் 1.05 என்று எழுதினேன்.

திரும்பக் குளிர வைத்தேன். இம்மியளவு குறைந்த வெப்பத்தில் பேனா கீழே விழுந்தது. உருகிய வரிசை உறையும்போது கொஞ்சம் தயங்கும், அந்தத் தயக்கம்தான் இது நிஜமான உருகல் என்பதற்குச் சாட்சி. 1.35 என்று எழுதினேன். காந்தப்புலத்தைக் கூட்டி இன்னொரு முறை எடுத்தேன். படி முன்னைவிடக் குறைந்த வெப்பத்திலேயே வந்தது, புத்தகத்தில் சொன்னபடியே. 2.20. இரண்டு நாற்பதுக்கு நைட்ரஜன் தீர்ந்தது. எல்லாவற்றையும் அணைத்து, தாளைச் சுருட்டி, செவ்வந்தியிலிருந்து நூலை உருவிக் கட்டி, பைக்குள் வைத்தேன். அறையைப் பூட்டினேன். சாவியை உதவியாளரின் மேசையில் வைத்தேன்.

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நிலையம் முழுக்க உடைத்த பூசணிக்காய். பண்டிகை நாள், எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பஸ்ஸில் பாதி இருக்கை காலி. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நடத்துனர் ஒவ்வொருவர் கையிலும் பொரிகடலை போட்டுக்கொண்டே டிக்கெட் கொடுத்தார். பசித்தது, தின்றேன்.

கிணத்துக்கடவில் இறங்கும்போது நான்கு மணி தாண்டிவிட்டது. எங்கள் காலனிக்கு நடக்க வேண்டிய தூரம் பத்து நிமிடம். திருப்பத்துக்கு வந்ததும் எழவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. தெருவில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை. வீட்டு வாசலில் விறகு கிடக்கவில்லை. இத்தனை நேரம் இதைக்கூடச் செய்யாமல் ஆண்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அக்கா வாசலுக்கு ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் கண்ணு. அரை மணி நேரம் ஆகல."

எது அரை மணி நேரம் என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே போனேன். அப்பாவின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலைத் தொட்டேன். சூடு இருந்தது. பல வருடம் வெப்பநிலை பார்த்துப் பழகிய கை எனக்கு. அப்போதுதான் விளங்கியது.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"மூணு மணி வரைக்கும் நெனவு இருந்துச்சு கண்ணு. சின்னவ வந்துட்டாளா, சின்னவ வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருந்தாரு. பஸ்சு கெடைக்கலயா? நோம்பிக் கூட்டமா?"

"ஆமாங்கம்மா," என்றேன்.

மற்றதை எல்லாம் அக்கா பிறகு சொன்னாள். காலையில் அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் மளிகைக்கடையிலிருந்து கல்லூரிக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார்கள். ஆயுத பூஜை, அலுவலகத்தில் யாரும் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். அதனால்தான் மாமா நேரில் வந்தார். அவர் உள்ளே வராததும் தண்ணீர் குடிக்காததும் வெள்ளலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதால்தான். அக்கா வீட்டிலும் அவர் இதையேதான் சொல்லியிருக்கிறார். அவளும் நான் நினைத்ததையே நினைத்தாள். ஆனால் அவள் வழக்கத்தை எல்லாம் பார்க்கவில்லை. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, உயிர் இருக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க என்று கேட்டிருக்கிறாள். இருக்குது, சீக்கிரம் வா என்றிருக்கிறார். இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். அப்பாவுக்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது அவள்தான். நான் அளவெடுத்தே பிழைக்கிறவள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அன்று இரவோ மறுநாளோ எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் அம்மா அதே கதையைச் சொன்னாள். பண்டிகைக் கூட்டம், பஸ்ஸே கிடைக்கவில்லை, பிள்ளை உக்கடத்தில் நின்று தவித்துப்போனாள். பதினாறு நாளும் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சிலர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

வழிகாட்டிக்குக் கோட்டைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுத்தமான படியை நம் நாட்டில் எத்தனை பேர் எடுத்திருப்பார்கள் என்றார். கட்டுரை வந்தது. பட்டம் வந்தது. ஆய்வேட்டுக்காகப் படத்தைத் திரும்ப வரைந்தபோது ஓரத்தில் எழுதிய நேரங்கள் போய்விட்டன. வாய்மொழித் தேர்வில் ஒருவர், அளவெடுக்கும்போது இரைச்சலை எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டார். ஆயுத பூஜை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பட்டம் வாங்கிய வாரம் ஊருக்குப் போனேன். அசல் தாளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், ஏன் என்று தெரியாது. அம்மா நூலை அவிழ்த்துத் தரையில் விரித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கோட்டின்மேல் விரலை வைத்து இடதுபக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டே போனாள். படி வந்த இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன கண்ணு, நேரா வந்துட்டு இங்க மட்டும் ஏறி நிக்குது?"

"அதைப் பாத்தாச் சொல்லச் சொன்னாருங்கம்மா அப்பா." தாளின் ஓரத்தில் இருந்த 1.05-ஐத் தொட்டுக் காட்டினேன். "அன்னைக்கு எடுத்ததுங்க. மாமா வந்து சொன்னதுக்கு அப்புறம் எடுத்தேன். முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுப்போட்டேன். பஸ்ஸெல்லாம் கெடைச்சுதுங்கம்மா."

அம்மாவின் விரல் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"தெரியும் கண்ணு. பஸ்செல்லாம் காலியாத்தான் வந்துச்சுன்னு உங்கக்கா அன்னைக்கே சொன்னா. கேக்கறவங்களுக்குச் சொல்லறதுக்கு ஒண்ணு வேணுமில்ல."

தாளைச் சுருட்டி, பழைய நூலாலேயே கட்டி என் மடியில் வைத்தாள். உலை வைக்க எழுந்தவள் அடுப்புப் பக்கம் போய்க்கொண்டே கேட்டாள்.

"அவருகிட்டச் சொல்லிப்போட்டயா?"

இல்லை என்றேன். சொல்லிப்போடு என்றாள். தாள் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, இன்னும் சொல்லவில்லை.